அப்பால் போவேன்

1

ராயபுரத்திலிருந்து யார் போன் செய்தாலும் கடைசியில் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "தனியா எப்டி சமாளிக்கிற ஸ்டெல்லா?" கேட்பவர்களுக்குப் பதில் ஒன்றும் வேண்டியதில்லை. "மாதா பாத்துக்கறாங்க" என்று நான் சொல்ல வேண்டும், அவர்கள் ஒரு பெருமூச்சு விட வேண்டும், அதோடு அவர்கள் கடமை முடிந்தது. நானும் இரண்டு வருஷமாக அதையே சொல்லி வருகிறேன். இந்த முறை எழுதியே விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மாதாவை இதில் இழுக்கப் போவதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் நியூ ஜெர்சியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். இங்கே வந்து பதினொரு வருஷமாகிறது. என் கணவர் ஆரோக்கியம் வெல்டர். எண்ணூரில் வேலை பழகி, ஒப்பந்த விசாவில் இங்கே வந்து, என்னையும் அப்போது நான்கு வயதாயிருந்த பெரியவள் ஷெர்லியையும் பின்னாலேயே வரவழைத்தவர். அந்த ஒப்பந்தக் கம்பெனி மூடிவிட்டுப் போனது. விசா முடிந்தது. அடுத்துப் போட்ட மனு எங்கேயோ மாட்டிக்கொண்டது. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். ஒரு வருஷம் அப்படிப் போனவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஏழு மாதம் கழித்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இந்த மாதத்தோடு அதற்கு இரண்டு வருஷம். பத்து வருஷத்துக்கு அவர் இந்த நாட்டில் கால் வைக்கக் கூடாது.

இங்கே தங்குவதற்கான என் காகிதம் வேலை செய்யும் இடத்தின் மூலமாகத் தனியே ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிகிறவரை நானும் ஷெர்லியும் வெளியே போனால் திரும்பி வர முடியாது. இங்கேயே பிறந்த சின்னவள் மெர்சி மட்டும் போகலாம், வரலாம். அவளுக்கு ஏழு வயது.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பதினைந்து வயது ஷெர்லி தன் அப்பாவோடு பேசி இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வார்த்தை, ஒரு ஹலோ கூட இல்லை. என்னைத் தின்றுகொண்டிருந்தது அதுதான். மற்றதையெல்லாம் எப்படியோ சமாளித்துக்கொண்டுதான் இருந்தேன்.

2

சமாளிப்பு எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். ராயபுரத்தில் சைக்கிள்கூட ஓட்டாதவள், நாற்பது வயதில் பனியில் கார் ஓட்டப் பழகினேன். முதல் மூன்று மாதம் இடது பக்கம் திரும்பப் பயந்துகொண்டு, வலது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வேலைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் தரும் ஒவ்வொரு படிவத்திலும் தந்தை என்று ஒரு கட்டம் இருக்கும். இறந்தவர், பிரிந்தவர், விவாகரத்தானவர் எல்லாருக்கும் அதில் டிக் அடிக்க இடம் உண்டு. அனுப்பப்பட்டவருக்கு இல்லை. முதல் வருஷம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். இப்போது 'வெளியூரில்' என்று எழுதிவிடுகிறேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

என்னோடு வேலை செய்யும் ரோசா ஹோண்டுராஸ்காரி. அவள் புருஷனையும் இப்படித்தான் அனுப்பினார்கள். படுத்த படுக்கையாய் இருப்பவர்களை ஆளுக்கொரு பக்கம் நின்று புரட்டித் துடைக்கும்போது பேசிக்கொள்வோம். இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ், அதனால் சுற்றி வளைத்துப் பேச வழியில்லை. அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்: பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவருகில் மாட்டு. உனக்கு ஏதாவது ஆனால் பிள்ளைகளை யார் வந்து கூட்டிப்போக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வை. பிள்ளைகள் முன்னால் அழாதே, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழு.

முதல் இரண்டையும் செய்தேன். மூன்றாவது சரிப்படவில்லை. எங்கள் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மாட்டித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள் போய்விட்டார்.

காத்திருப்பது எனக்குப் புதிதில்லை. எங்கள் சந்தில் பாதி வீட்டு ஆண்கள் கப்பல் வேலைக்குப் போனவர்கள். அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் அவர்கள் காத்திருப்புக்கு ஒரு மாதம், ஒரு துறைமுகம், ஒரு கிறிஸ்துமஸ் என்று கணக்கு இருந்தது. இப்போது என் புருஷன் அதே சந்தில் உட்கார்ந்து காத்திருக்கிறார், நான் கடல் தாண்டி இருக்கிறேன். இதை நினைத்தால் சில நாள் சிரிப்புக்கூட வருகிறது. நல்ல சிரிப்பு இல்லை.

3

அவர் போய் இறங்கிய கதையை என் நாத்தனார் ரெஜினா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ரெஜினா அவருக்கு அக்கா. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவள். அவள் வீட்டில்தான் அவர் இப்போது இருக்கிறார்.

கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பெல்ட்டும் ஷூ லேஸும். உள்ளே வைத்திருந்தபோது கழற்றி வாங்கியதைக் கிளம்பும்போது திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை மாட்டிக்கொள்ளவே இல்லை. லேஸ் இல்லாத ஷூவை இழுத்துக்கொண்டே ராயபுரம் வந்து சேர்ந்தார்.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்று சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வீடு சாக்லேட் போக வேண்டும். நெருங்கியவர்களுக்கு சோப்பு, தைலம், சென்ட். போகவில்லை என்றால் என்ன சங்கதி என்று வாசலுக்கே வந்துவிடுவார்கள்.

"அவன் மூஞ்சப் பாத்தாலே கண்டுபுட்ச்சுருவாங்கோ," என்றாள் ரெஜினா. "உள்ள தள்ளி கதவ சாத்திட்டு, நேரா பர்மா பஜாருக்கு ஆட்டோ புட்ச்சேன். பாரின் சாக்லேட்டு, பாரின் சோப்பு, அல்லாம் வாங்கியாந்து வூடு வூடா குட்த்தேன். தம்பி லீவுல வந்துகீறான்னேன்."

"நம்புனாங்களா அண்ணி?"

"துன்னாங்கோ. நம்புனாங்களா இன்னானு யாருக்குத் தெரியும்."

அந்த லீவு இரண்டு வருஷமாக நீண்டுகொண்டிருக்கிறது. எப்போது திரும்பப் போகிறாய் என்று இப்போது சந்தில் ஒருவரும் கேட்பதில்லை. அப்படியென்றால் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அவர் காலையில் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூருக்கோ எண்ணூருக்கோ போகிறார். அவரைவிடச் சின்னவர்கள் மேஸ்திரியாக இருக்கும் பட்டறைகளில் ஒப்பந்தத்துக்கு வெல்டிங் அடிக்கிறார். "அமெரிக்கா, இங்க ஒரு பத்த வெய்யி" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அமெரிக்கா என்பது அவருடைய பட்டப்பெயர் ஆகிவிட்டது.

4

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

ஷெர்லிக்கு எட்டு வயதில், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சேர்த்தோம். ஒரு நாள் அவள் நோட்டில் 'அப்பாலிக்கா நாங்கள் கடைக்குப் போனோம்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் 'அப்பாலிக்கா'வைச் சிவப்பு மையில் அடித்து மேலே 'பிறகு' என்று எழுதியிருந்தார். கீழே எனக்கு ஒரு குறிப்பு: வீட்டில் நல்ல தமிழ் பேசினால் குழந்தைக்கு உதவியாக இருக்கும்.

ஆரோக்கியம் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "நம்ம தமிளு இன்னா அவ்ளோ கலீஜா கீதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. அங்கே வரும் மற்ற அம்மாக்கள் பேசும் தமிழுக்கு முன்னால் நான் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அன்றிலிருந்து வீட்டில் சட்டம் போட்டேன். வூடு வீடானது. கீது இருக்கு ஆனது. அவரை வாய்யா போய்யா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் வாங்க போங்க என்று மாறினேன். வேலையிலிருந்து வருகிறவர் "இன்னா" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு "என்ன" என்பார். பிள்ளைகள் இந்த இரண்டு தமிழில் எது சரி, எது தப்பு என்று புரியாமல் இங்கிலீஷுக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்களை யாரும் அடித்துத் திருத்துவதில்லை.

அவரைப் பிடித்து வைத்த மூன்றாவது வாரம் ஒரு விசாரணை வந்தது. வழக்கு முடிகிறவரை வெளியே விடலாமா என்று முடிவு செய்கிற விசாரணை. நிச்சயம் விடுவார்கள் என்றார் வக்கீல். குடும்பம் இருக்கிறது, ஒரு வருஷம்கூடத் தவறாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வேறென்ன வேண்டும் என்றார். அவரைத் திரையில் காட்டுவார்கள். அவர் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போன் வழியாகக் கேட்டு இங்கிலீஷில் சொல்வார்.

அதற்கு முந்தின நாள் அவர் உள்ளேயிருந்து போன் செய்தபோது சொன்னேன்: "அந்த ஆளு நம்மூரா இருக்க மாட்டாரு. நம்ம பேச்செல்லாம் புரியாது. கொஞ்சம் நல்ல தமிழ்ல பேசுங்க."

"செரி. டீச்சரம்மா கணக்கா பேசறேன்," என்று சிரித்தார்.

ஷெர்லியைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லி என்னோடு கூட்டிப்போனேன். கோர்ட் இங்கிலீஷ் எனக்குப் பிடிபடாது, பக்கத்திலிருந்து அவள் சொல்லுவாள் என்று. திரையில் அவர் வாய் அசைந்தது. அவர் குரல் அந்த மொழிபெயர்ப்பாளருக்குப் போனது, எங்கள் காதுக்கு வரவில்லை. இங்கிலீஷ் மட்டும்தான் கேட்டது. ஷெர்லி ஒவ்வொரு வரியாக என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லம்மா."

கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. வெளியே விட முடியாது என்றார்கள். விட்டால் ஓடிப்போய்விடுவார் என்று நீதிபதி நினைக்கிறார், உங்கள் கணவர் சொன்ன பதில் சரியில்லை என்றார் வக்கீல். என்ன பதில் என்று ஷெர்லியைக் கேட்டேன். தெரியாது என்றாள்.

வெளியே விட்டிருந்தால் வழக்கை நின்று நடத்தியிருக்கலாம். உள்ளேயிருந்து ஏழு மாதம் மல்லுக்கட்டினார். கடைசியில் "போதும்மே, அனுப்புனா அனுப்பட்டும்" என்று அவர்கள் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த விசாரணை நாளிலிருந்து ஷெர்லி போனுக்கு வரவில்லை. கெஞ்சினேன். திட்டினேன். ஒரு தடவை, உங்கப்பன் உள்ளே கிடக்கிறான், உனக்குப் பேசக் கசக்கிறதா என்று கன்னத்தில் அறைந்தும்விட்டேன். அவள் அழக்கூட இல்லை. நான் இந்த ஊரை, அவள் கையிலிருக்கும் போனை, அவள் வயசை, அவள் தோழிகளை எல்லாம் சபித்தேன்.

5

இந்தக் கோடை விடுமுறைக்கு எங்கள் கோயிலில் பழக்கமான ஒரு குடும்பம் சென்னைக்குப் போகிறது. மெர்சியை அழைத்துப் போய் அவள் அப்பாவிடம் விட்டு, திரும்பும்போது கூட்டி வருகிறோம் என்றார்கள். மெர்சியின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். சின்னப் பிள்ளை என்பதால் அம்மா, அப்பா இருவர் சம்மதமும் தேவை. அப்பா இங்கே இல்லையென்றால், அவர் அங்கே இந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போய் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். நீ உள்ளே வராதே என்று துரத்தியவர்களிடமே போய் வரிசையில் நின்று, இவள் என் மகள்தான், என்னைப் பார்க்க வரட்டும் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு மாதமாக அவர் போகவில்லை. ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டிருந்தார். ரெஜினாதான் உண்மையைச் சொன்னாள். "போனான்மே. கேட்டுக்கு எதுர்ல நின்னுகினு இருந்துட்டு திரும்பி வந்துட்டான். மறுபடியும் புட்ச்சு வெச்சுக்குவாங்கோன்னு பயம். நம்மூர்ல எப்டிடா புடிப்பாங்கோன்னா, போய்ப் படுத்துக்கினான்."

போன சனிக்கிழமை காலை. ராயபுரத்தில் சாயங்காலம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுச் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அப்பா குரல் கேட்டால் ஷெர்லி காதில் பாட்டுக் கேட்கும் பொத்தானைச் சொருகிக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். அன்று அது சார்ஜில் கிடந்தது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள்.

"வர்ற திங்கக்கெழமையாவது அந்த ஆபீசுக்குப் போவீங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"போறேன்மே. அத்திப்பட்டுல ஒரு சின்ன வேல கீது. அத முட்ச்சுட்டு, வூட்டுக்கு வந்து குள்ச்சுட்டு, அப்பாலிக்கா போறேன்."

ஷெர்லி திரும்பினாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"அம்மா, அன்னிக்கு கோர்ட்ல அப்பா என்ன சொன்னாருன்னு கேளு."

"என்னிக்கு?"

"கேளும்மா."

கேட்டேன்.

"அது இப்போ இன்னாத்துக்கு?" என்றார் அவர். விடாமல் கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீதான நல்ல தமிளுல பேசுன்னே. உள்ள குந்திகினு மனப்பாடமே பண்ணிக்கினேன். வெளிய உட்டா ஆபீசாண்ட ஒயுங்கா வருவியான்னு கேட்டாங்கோ." அதற்கு மேல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "முதலில் வீட்டுக்குப் போவேன். பிள்ளைகளைப் பார்ப்பேன். அப்பால் போவேன். அப்டினேன்."

மாவுக் கையோடு நின்றேன்.

"அப்பாலிக்கான்னுதான் வாய்ல வந்துச்சு. டீச்சரம்மா அத செவப்புல அட்ச்சாங்களே, ஞாபகம் வந்துருச்சு. பதுலா இன்னா எய்துனாங்கோன்னு மட்டும் ஞாபகம் வர்ல. சரி, வால வெட்டிட்டு நல்லா அப்பால்னு சொன்னேன். கரீட்டா தான சொன்னேன்?"

அவர் குரல் இங்கே கேட்க, எங்கள் குரல் அங்கே போகாதபடி போனில் ஒரு பொத்தானை அழுத்தினாள் ஷெர்லி.

"வீட்டுக்குப் போவேன், பசங்களப் பாப்பேன், அப்புறம் தூரமா எங்கயாவது போயிடுவேன். அந்த போன் ஆளு இங்கிலீஷ்ல இப்டித்தான்மா சொன்னாரு. எல்லாருக்கும் கேட்டுச்சு. உனக்குத்தான் புரியல." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அப்பா நம்மள விட்டுட்டுப் போறேன்னு அவரே சொல்லிட்டாருன்னு நெனச்சேன். உனக்குத் தெரிய வேணாம்னுதான் சொல்லல."

பன்னிரண்டரை வயதில் கேட்ட வாக்கியம். எனக்குத் தெரிந்தால் தாங்க மாட்டேன் என்று அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். அதற்காகத்தான் நான் அவளை அறைந்திருக்கிறேன்.

6

திங்கட்கிழமை வக்கீலுக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். மொழிபெயர்ப்பில் பிழை இருந்திருக்கலாம் என்றார். ஆனால் பதிவில் இருப்பதுதான் கணக்கு, மேல்முறையீட்டுக்கு இருந்த நாளும் எப்போதோ போய்விட்டது, போகச் சம்மதம் என்று உங்கள் கணவரே கையெழுத்தும் போட்டிருக்கிறார் என்றார். வருத்தமாக இருக்கிறது என்றும் சொன்னார். அவர் வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அந்த மொழிபெயர்ப்பாளரை மனதுக்குள் எத்தனையோ தடவை திட்டிப் பார்த்துவிட்டேன். அவர் பேரில் எப்படிக் குற்றம் சொல்வது? அப்பால் போவேன் என்றால் நல்ல தமிழில் விலகிப் போவேன் என்றுதான் பொருள். அவர் கேட்டதைச் சொன்னார். டீச்சரும் தன் வேலையைத்தான் செய்தார். என் புருஷன் அவர் தமிழிலேயே, அப்பாலிக்கா ஆபீசாண்ட போவேன் என்று சொல்லியிருந்தால், அந்த ஆள் புரியாமல் திரும்ப ஒரு கேள்வி கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. புரிகிற மாதிரிப் பேசுங்கள் என்று சொல்லிக் கொடுத்தது நான். புரிந்தது, தப்பாகப் புரிந்தது. ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்துப் பேச்சுக்கு வெட்கப்பட்டேன். இதில் என்னை மன்னித்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

சனிக்கிழமைப் பேச்சை நான் இன்னும் முடிக்கவில்லை.

"லைன்ல கீறியா? கரீட்டா தான சொன்னேன்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பொத்தானை மறுபடி அழுத்தினேன்.

"கரீட்டா தான்யா சொன்னே," என்றேன். அந்தத் தமிழ் என் வாயில் வந்து ஏழு வருஷம் இருக்கும்.

"இன்னாமே, நம்மூரு தமிளு பேசறே?"

நான் பதில் சொல்வதற்குள் ஷெர்லி போனை எடுத்துக்கொண்டாள். "அப்பா" என்றாள்.

அந்தப் பக்கம் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் மட்டும் கேட்டது. ரோட்டோரம் நின்று பேசிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, "சாப்பிட்டாயா ஷெர்லி?" என்று கேட்டார். மகளிடம் நல்ல தமிழில் பேச வேண்டும் என்று நான் போட்ட சட்டம் அவருக்கு இன்னும் நினைவிருந்தது.

"இல்லப்பா. இனிமேதான்."

"மெர்சி வருகிறாள். நான் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிடுவேன். நீ எப்போது வருவாய்?"

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் காகிதம் வர எத்தனை வருஷம் என்று யாரும் சொல்வதில்லை. அப்புறம் போனை வாயருகில் வைத்துக்கொண்டாள்.

"அப்பாலிக்கா வரேன்ப்பா."

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"செரிம்மா," என்றார். "அப்பாலிக்கா வா."